ஊத்துச் சாவடித் தண்ணீர்

போன வாரம் என்னைப் பேச அழைப்பதற்காக வீட்டுக்கு வந்த உங்கள் பத்திரிகையின் உதவி ஆசிரியர், கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். “நம்ம முதலாளிக்கு ஆலை இருக்கு, தோட்டம் இருக்கு, பத்திரிகையும் இருக்கு. நாங்க எழுதுறத வெளியில யாரும் நம்ப மாட்டேங்குறாங்க சார். நீங்க எப்படி இத்தனை வருஷம் இதுல இருந்தீங்க?” நான் ஏதோ சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் பழைய பயம் ஒன்றைக் கிளப்பிவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

உங்களில் சிலர் மதியச் சாப்பாட்டு வேளையில் சிவப்பு அட்டைப் புத்தகங்களை ஃபைலுக்குள் மறைத்துவைத்துப் படிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தாராளமாகப் படியுங்கள். உங்கள் வயதில் எனக்கு அந்தத் தைரியம்கூட இருந்ததில்லை. செய்தி எழுதுவது எப்படி, தலைப்பு வைப்பது எப்படி என்றெல்லாம் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் பயந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொந்த ஊர் ராசிங்காபுரம். மதுரையில் படித்துவிட்டு, போடிநாயக்கனூரில் நடந்துவந்த ஒரு வாரப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போடிக்கு அப்போது ரயில் வரவில்லை. மலைத் தோட்டங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். ஏலக்காய் கழுதை முதுகில் இறங்கும். அரிசியும் கருவாடும் அதே கழுதை முதுகில் ஏறும். பத்திரிகை முதலாளிக்கு மலைமேல் மூன்று ஏலத்தோட்டங்கள் இருந்தன. வேறு ஊர்ப் பத்திரிகை ஒன்று தோட்டத்தைப் பற்றி ஏதோ எழுதிவிட்டது என்று கோபப்பட்டு அவர் அச்சு இயந்திரம் வாங்கியதாக ஊரில் சொல்வார்கள். குரலை உயர்த்தாத மனிதர். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர். ஆசிரியர் என்று அவர் பெயர்தான் அச்சாகும். எழுதுவதும் திருத்துவதும் நான்.

சேர்ந்த மறு வருடம், மழைக்காலத்தில் அவருடைய தோட்டத்தில் மண் சரிந்தது. கூலியாட்கள் குடியிருக்கும் வரிசைக் குடிசைகளை லயம் என்பார்கள். சரிவை ஒட்டிக் கட்டியிருந்த ஒரு லயம் ஆட்களோடு சேர்ந்து புதைந்துவிட்டது. பதினோரு பேர். கழுதை ஓட்டி வந்தவர்கள் சொல்லி அன்று மதியமே எனக்குத் தெரியும். சாயங்காலம் முதலாளி அச்சகத்துக்கு வந்து, நாலு வரி சொல்லி எழுதச் சொன்னார். கனமழையால் லயம் ஒன்றுக்குச் சேதம், ஒருவருக்கு லேசான காயம், நிர்வாகம் தக்க உதவி செய்தது. நான் எழுதினேன். கையெழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அச்சுக்கோப்பவர் ஒரு பெரியவர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணா, பதினொண்ணா? எழுத்து சரியாத் தெரியல” என்று கேட்டார். என் எழுத்து மணிமணியாக இருந்தது. அவருக்கு விஷயம் தெரியும் என்பதும், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. “ஒண்ணு” என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுத்துகளை அடுக்க ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து, சந்தையில் ஒரு கைப்பிரதி ஒட்டப்பட்டிருந்தது. அச்சிட்டதல்ல, கையால் எழுதியது. செத்துப்போன பதினோரு பேரின் பெயரும் ஊரும் அதில் வரிசையாக இருந்தன. கீழே யார் பெயரும் இல்லை. அதன் பிறகு மாதம் ஒன்றிரண்டு தடவை அப்படி ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஒத்துழையாமைப் பேச்சு எங்கும் பரவியிருந்த காலம் அது. சுயராஜ்யம் வந்தால் தோட்டம் யாருடையது, ருஷ்யாவில் தோட்டமெல்லாம் யாருடையது என்று அந்தக் கைப்பிரதிகள் கேட்கும். முதலாளி அதை எழுதுகிறவர்களைப் போல்ஷ்விக் பயல்கள் என்பார். ஊர்ப் பையன்கள் அந்தச் சொல்லைக் கேட்டு, அது ஏதோ பட்டம் என்பதுபோலச் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் பத்திரிகை கடைகளில் பொட்டலம் கட்டத்தான் பயன்பட்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் பேச்சிமுத்து என்பது எல்லோருக்கும் தெரியும், போலீசைத் தவிர. கழுதைப் பொதி ஓட்டும் குடும்பம். அவன் மட்டும் நாலெழுத்துப் படித்தவன். இருபத்திரண்டு வயது. அவனுடைய அண்ணன் மாயாண்டி, தம்பி சொன்னால் கேள்வி கேட்காமல் செய்கிற மனிதர்.

அடுத்த வருடம் காய் பறிக்கும் பருவம் தொடங்குமுன், பேச்சிமுத்து ஓர் ஏற்பாடு செய்தான். மலைக்குப் போகிற கூலியாட்கள் எல்லோரும் ஒரு வெள்ளிக்கிழமை பாதிவழியில் இருக்கிற ஊத்துச் சாவடியில் கூட வேண்டும்; லயங்களைச் சரிவை விட்டு மாற்றிக் கட்டினால்தான் மேலே ஏறுவோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். மூன்று ஊர் ஆட்கள் வருவதாக இருந்தது. ஊற்றுத் தண்ணீர் இருப்பதால் கஞ்சி காய்ச்சவும் வசதி.

இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எழுதியது என்று சொல்லி வாசித்தார். ஊத்துச் சாவடிப் பக்கம் வாந்திபேதி கண்டிருக்கிறது; ஊற்றுத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது; பத்திரிகையில் போட்டால் உபகாரம். “போட்டுரு” என்றார். நானும் எழுதினேன். அவர் அதை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். கூட்டம் கூட்டுவதாகச் சில விஷமிகள் அழைத்தால் பொதுமக்கள் உயிருக்குப் பயந்து விலகியிருப்பது நலம் என்று.

அந்த ஒரு வரியை வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் முப்பது வருட வேலையில் நான் செய்த தவறுகளில் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டால், முந்தின வருடத்துப் பொய்யைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். அந்த வரி அச்சில் ஏறியதும், மேலே இருந்த உண்மையும் முதலாளியின் சரக்காகிவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்திரிகை வந்தது. நான் சந்தைப் பக்கம் போனபோது ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க, சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி பொதியை இறுக்கிக் கட்டியபடி, “ஒருத்தனுக்கு லேசான காயம்னு போட்டப்ப பதினோரு பேரு செத்தாக. இப்ப வாந்திபேதின்னு போட்டிருக்கான். அப்ப மலையில ஒருத்தனுக்குத் தும்மல்கூட இருக்காது” என்றார். அவரும், அவர் பெண் எடுத்த தேவாரம் என்ற ஊரின் ஆட்கள் முப்பது பேரும் முந்தின நாளே போய் அடுப்பு மூட்டிவைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேவாரம் போய் அங்கிருந்து ஏறுவார்கள்; அந்தப் பாதை வேறு. சாவடிக்குப் போய்ச்சேரச் சாயங்காலம் ஆகும்.

நானும் அங்கே நின்று சிரிக்காத குறைதான். அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு யோசித்தேன். அந்தக் கடிதத்தை நான் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அவர் வாசித்தார், நான் கேட்டேன். கம்பவுண்டரைத் தேடிப் போனால், கிணறுகளில் மருந்து போடக் கீழூர்களுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கூட்டத்தைக் கலைக்க முதலாளி கட்டிவிட்ட கதையாக இருக்கலாம். நிஜமாகவும் இருக்கலாம். எழுதியவன் நான், எனக்கே தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று அச்சுக்கோப்பவரிடம் சொல்லிவிட்டு, மலைப்பாதையில் ஏறத் தொடங்கினேன்.

எனக்கு மலை பழக்கமில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஓர் ஓடை ஓடியது. இரண்டு கையாலும் அள்ளி வயிறு நிறையக் குடித்தேன். முகத்தைக் கழுவினேன். அது அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

ஓடைக்கு மேலே இரண்டு திருப்பம் தாண்டினால் சாவடி. கல்தூண், மேலே புல் வேய்ந்த கூரை. உள்ளே ஏழு பேர் படுத்திருந்தார்கள். மேல் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து, அதற்குமேல் நடக்க முடியாமல் விழுந்தவர்கள். கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. ஒருவருடைய விரல்நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தன. வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். அங்கே கஞ்சிக்கடை வைத்திருந்த மலையாளத்து அம்மாள், தூரத்தில் நின்றபடியே கையை வீசி, “இவிடெ நிக்கண்டா, பொய்க்கோ” என்று என்னை விரட்டினார். பக்கத்தில் ஊற்று. நோயாளிகளோடு வந்த பெண்கள் இரண்டு பேர் அழுக்கான துணிகளை அதில் அலசிக்கொண்டிருந்தார்கள். ஊற்றிலிருந்து வழிந்த தண்ணீர் பாறை வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தேன். நான் குடித்த ஓடைக்குத்தான் போனது.

அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுத்துப் பார்த்தேன். பித்தம்தான் வந்தது. துணி அலசிய பெண்களிடம் அந்தத் தண்ணீரில் அலசாதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. திரும்பி ஓட ஆரம்பித்தேன். வழியெல்லாம் ஒவ்வொரு பத்தடிக்கும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அடிவாரத்தில் பேச்சிமுத்து வீட்டாருக்கு ஒரு கழுதைக் கொட்டகை இருந்தது. அங்கே போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அவனும் ஞானசௌந்தரியும் மறுநாள் கூட்டத்துக்கான கைப்பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞானசௌந்தரி மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. போடிக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கைப்பிரதிகளில் பார்த்துப் பழகிய அந்த வட்டமான கையெழுத்து அவருடையது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்னைக் கண்டதும் அவர் தாள்களைச் சாக்கில் மூடினார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். பேச்சிமுத்து கேட்டுக்கொண்டு நின்றான். முதலாளி அனுப்பினாரா என்று கேட்டான். இல்லை என்றேன்.

“போன வருசமும் நீங்கதான எழுதுனீக?”

“ஆமா.”

“தெரிஞ்சே எழுதுனீகளா?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. “தெரிஞ்சேதான்” என்றேன்.

அப்படியானால் போய் வாருங்கள் என்பதுபோல அவன் தாள்களின் பக்கம் திரும்பிவிட்டான். அந்த நேரம் என் வயிறு உருண்டது. கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வந்து என் விரல்நுனிகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, அங்க தண்ணி குடிச்சீகளா?”

“ஓடையில குடிச்சேன். அப்புறம்தான் ஊத்தப் பாத்தேன்.”

என் எழுத்தையோ பேச்சையோ அவன் நம்பவில்லை. என் பயத்தை நம்பினான். முகம் வெளுத்துப்போய், “எங்கண்ணன் தேவாரத்து ஆளுகளோட இந்நேரம் சாவடிக்குப் போயிருப்பான்” என்றான்.

அவன் உடனே மலையேறத் துண்டை இடுப்பில் கட்டினான். கட்டியவன் நின்றான். காலையில் மற்ற இரண்டு ஊர் ஆட்களும் அடிவாரத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களை யார் தடுப்பது? “எம் பேச்சக் கேட்டுத்தான் வாராக. நானே போகாதீகன்னு எழுதுனா, என்னையும் முதலாளி வாங்கிட்டான்னு சொல்லுவாக” என்றான். உண்மைதான். எங்கள் பத்திரிகையை நம்பாதீர்கள் என்று ஒரு வருடமாக ஊருக்குச் சொன்னவர்கள் அவர்கள். இப்போது அதே செய்தியை அவர்களே சொன்னால் எடுபடாது.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். ஞானசௌந்தரி முதல்முறையாக வாய் திறந்தார். “போன வருசம் எழுதாதத எழுதுங்க. அப்புறம் தண்ணியப் பத்தி எழுதுங்க. கீழ ஒங்க பேரப் போடுங்க” என்றார்.

நான் எழுதினேன். இறந்தது பதினோரு பேர், அது தெரிந்திருந்தும் முதலாளி சொன்னபடி ஒருவர் என்று எழுதியது நான், இன்று மலைக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதுவதும் நான், ஊற்றுத் தண்ணீர் விஷம். பெயர் போட வேண்டிய இடம் வந்ததும் பேரம் பேசினேன். பத்திரிகையில் வேலை பார்ப்பவர் என்று போட்டால் போதாதா என்று கேட்டேன். உங்களிடம் இதை மறைப்பதில் லாபம் இல்லை. நான் அப்படித்தான் கேட்டேன். ஞானசௌந்தரி மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். பிறகு ஞானசௌந்தரி பதினோரு பேரின் பெயர்களையும் தாள் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். அதில் இரண்டு பேர் ராசிங்காபுரத்துக்காரர்கள். ஒரு வருடமாக அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பேச்சிமுத்து மலைக்குப் போனான். ஞானசௌந்தரி பிரதிகள் எடுத்தார். அவர் எழுதிய ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

விடிந்ததும் அடிவாரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. பெண்கள் பாதிக்குமேல். தலையில் சட்டி, இடுப்பில் அரிசி முடிச்சு. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் ஒரு பாறைமேல் ஏறி நின்று, நான் எழுதியதை நானே வாசிக்க வேண்டியதாயிற்று. நாலு வரி வாசிப்பதற்குள் கூட்டம் நெருங்கிவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்த இடத்திலேயே அடித்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் பேதி வந்து செத்துவிடுவேன் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முந்தும் என்ற யோசனை ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் பாறையில் ஏறி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். எனக்கு அவரைத் தெரியும். ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டு நிலத்துக்கு அடுத்த புஞ்சை அவருடையது.

“நம்மூருப் புள்ளதான நீ?”

தலையாட்டினேன்.

“எம் பொண்டாட்டி பேரு அதுல இருக்கா?”

“இருக்கு.”

“வாசி.”

“ஒச்சம்மாள், ராசிங்காபுரம்” என்று வாசித்தேன்.

“இன்னொருக்க வாசி.”

இன்னொரு தடவை வாசித்தேன். அவர் பிடி தளர்ந்தது. அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “தண்ணி கெட்டுப்போச்சாம். யாரும் ஏற வேணாம், இங்கனயே ஒக்காருங்க” என்றார். முன்னால் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் நின்றவர்கள் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். மலைமேல் செய்வதாக இருந்த சத்தியத்தை அவர்கள் அடிவாரத்திலேயே செய்தார்கள். லயத்தை மாற்றாமல் ஏற மாட்டோம் என்று. கிணற்றுத் தண்ணீரை ஞானசௌந்தரி கொதிக்கவைத்துக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் முதலாளியின் தோட்டத்துக்கு ஆள் ஏறவில்லை. அடுத்த பருவத்துக்குள் லயங்கள் மேட்டுக்கு மாறின.

பேச்சிமுத்து பிற்பகலில் இறங்கி வந்தான். அவன் போய்ச்சேருவதற்கு முன்பே தேவாரத்து ஆட்கள், இருட்டில் படுத்திருந்தவர்களை மலைக்காய்ச்சல்காரர்கள் என்று எண்ணி, ஊற்றுத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, அதே தண்ணீரைக் குடித்துமிருந்தார்கள். முப்பது பேரில் ஒன்பது பேருக்கு நோய் கண்டது. நாலு பேர் போய்விட்டார்கள். மாயாண்டி சனிக்கிழமை போனார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை முதலாளி ஆள் அனுப்பினார். போனால், அவர் பக்கத்தில் சப் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கைப்பிரதி. கையெழுத்து என்னுடையதுதானா என்று முதலாளி வழக்கமான மெல்லிய குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். மேலே இருக்கிற வட்ட எழுத்து யாருடையது என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். அவருக்கு வேண்டியது நான் இல்லை. ஒரு வருடமாக வந்த எல்லாக் கைப்பிரதிகளும் அதே எழுத்து. அந்த எழுத்துக்குரியவரைப் பிடித்தால் அத்தனையையும் சேர்த்து வழக்குப் போடலாம். கூட்டம் போடச் சொல்லி நாலு பேரைக் கொன்றது போல்ஷ்விக்குகள் என்று பத்திரிகையில் எழுதவும் முதலாளிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சொல்லிவிட்டால் உன் வேலை உனக்கு இருக்கும் என்றார்.

நான் துணிச்சலாகப் பேசியதாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எல்லாம் நானே எழுதியது என்று சொன்னேன். சொல்லும்போதே பற்கள் அடித்துக்கொண்டன. சப் இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நகர்த்தி, அதே வரிகளை எழுதிக் காட்டச் சொன்னார். பேனாவைப் பிடித்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. மை சிந்தியது. நாலு சொல் எழுதினேன்; அது வட்ட எழுத்துப்போலவும் இல்லை, என் எழுத்துப்போலவும் இல்லை, எந்த மனிதனின் எழுத்துப்போலவும் இல்லை. கையெழுத்தாவது போடு என்றார். அதுவும் கைப்பிரதியில் இருந்த என் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதை வைத்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி சிரிக்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

இளைஞர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பயம் போன பிறகு சரியானதைச் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். என் அனுபவத்தில் அது போகவே இல்லை. நான் செய்த ஒன்றிரண்டு உருப்படியான காரியங்களும் உதறிக்கொண்டே செய்தவைதான். இன்னொன்று, முதலாளியின் மேஜையிலிருந்து வருகிற செய்தி உண்மையாகவும் இருக்கலாம். அப்போதுதான் கண்ணால் பார்த்துவர நீங்கள் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும்.

மாயாண்டியின் கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, பேச்சிமுத்து என் அறைக்கு வந்தான். மொட்டை போட்டிருந்தான். நான் மதுரைக்குக் கிளம்பத் தகரப் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி பிள்ளைகளோடு தேவாரத்தில் தாய்வீட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னான். கழுதைகளை இனித் தானே ஓட்டப்போவதாகச் சொன்னான். பிறகு கேட்டான்:

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தத் தண்ணிச் சேதிய எழுதுனதே நீங்கதான். மலைக்குப் போயி கண்ணால பாக்குறதுக்கு முந்தி, அத நீங்க நம்புனீகளா?”

“இல்ல” என்றேன்.

“அப்ப எங்கண்ணன் சிரிச்சதுல என்ன தப்பு?”

அவன் கோபமாகக் கேட்கவில்லை. பதினாறு நாளாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், அச்சில் போட்டும் கேட்காமல் போய்ச் செத்தான் என்று அவன் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு என்னிடமிருந்து ஒரு பதில் தேவைப்பட்டது. பெட்டியின் மூடியைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன்.

கடைசியில் அவனே எழுந்து, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நான் தடுத்தும் கேட்கவில்லை. வண்டிப்பேட்டை வரை முன்னால் நடந்தான். பெட்டியை வண்டியில் ஏற்றி, நகராமல் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. “சிரிச்சவுக மேல தப்பு இல்ல. எழுதுன எங்க மேலதான்” என்றேன்.

வண்டிக்காரர் மாட்டை அதட்டிவிட்டுத் திரும்பி, “என்னங்க சொன்னீக?” என்று கேட்டார்.